இருபத்தைந்து நிமிட வெயில்

மார்ச் 11, செவ்வாய். நேற்று லென்ஸின் குவியத் தூரம் 27 செ.மீ. என்று எழுதியிருந்தேன். தவறு. கூரை விளக்கை வைத்து அளந்துவிட்டேன். விளக்கு பக்கத்தில் இருக்கிறது. சூரியன் பக்கத்தில் இல்லை. திருத்திய அளவு 23.6. இந்தத் திருத்தத்தால் வேறு என்ன மாறுகிறது என்பதை இன்று எழுதப் போவதில்லை.

கடைசி வரியை அவள் நான்கு முறை படித்தாள். 'இன்று' என்ற சொல்லை அடித்தாள். அடித்ததும் வரி இன்னும் மோசமாகத் தெரிந்தது. மேலே திரும்ப எழுதினாள். மாலை வகுப்பு முடிந்து மற்றவர்கள் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். அவளால் எழுந்திருக்க முடியவில்லை. உட்காரவும் முடியவில்லை. மேசைக்கு அடியில் வலது கால் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

அரை மணி நேரத்துக்கு முன்புவரை நன்றாகத்தான் இருந்தாள். வகுப்பில் அவளுக்கு முன்வரிசையில் உட்காரும் பஸ் கண்டக்டர் ஒருவர், கையில் ஒரு குவிலென்ஸைப் பிடித்து, கூரைக் குழல்விளக்கின் பிம்பத்தைத் தரையில் விழச் செய்து, தூரத்தை அளந்து பெருமையோடு சொன்னார். வாத்தியார் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, குவியத் தூரம் என்பது வெகு தொலைவிலிருந்து வரும் ஒளி சேருகிற இடம், தலைக்கு மேலே தொங்கும் விளக்குக்கு அது செல்லாது, பிம்பம் கொஞ்சம் தள்ளித்தான் விழும் என்றார். "உங்க பஸ்ஸுல ரெண்டு ஸ்டாப் தள்ளி இறக்கிவிட்டா பயணி சும்மா விடுவாரா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. கண்டக்டரும் சிரித்தார். அவள் மட்டும் சிரிக்கவில்லை. முந்தைய நாள் மாலை, ஆளில்லாத கடையில், அதே மாதிரி ஒரு விளக்குக்குக் கீழே நின்று அதே மாதிரிதான் அவளும் அளந்திருந்தாள். அந்த 27-ஐ நம்பித்தான், ஒரு மனிதருக்கு வேலை போன பிறகும் வாயைத் திறக்காமல் இருந்தாள்.

அவள் வேலை செய்வது துணி திருத்தும் கடை. இரண்டாவது மாடியில் ஒரே நீள அறை. கிழிந்த துணி, பூச்சி அரித்த துணி, அளவு சரியில்லாத துணி எல்லாம் அங்கே வரும். கிழிசல் இருந்த இடமே தெரியாதபடி இழைக்கு இழை நூல் ஓட்டி அடைப்பது அவள் வேலை. அதற்காக மேசை விளிம்பில் ஒரு பூதக்கண்ணாடி திருகி வைக்கப்பட்டிருக்கும். உள்ளங்கை அகலம், தடித்த கண்ணாடி, இஷ்டத்துக்கு வளைகிற இரும்புக் கழுத்து. குனிந்து தைக்கும்போது முகத்துக்கு முன்னால் இழுத்துக்கொள்வாள். வேலை முடிந்ததும் தலையில் இடிக்காமலிருக்க ஜன்னல் பக்கமாக மேலே தள்ளிவிடுவாள். தள்ளினால் அது ஜன்னல் கம்பியில் போய்ச் சாய்ந்து நிற்கும். தினமும் ஒரே இடம், ஒரே சாய்வு.

அவளைத் தவிர அறையில் இரண்டு பேர். கடைக்கார அக்கா, வெட்டும் மேசையில். இஸ்திரி அண்ணன், கதவுக்குப் பக்கத்தில். அண்ணனுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. பதினொரு வருடமாக அந்த மேசையை விட்டு நகர்ந்ததில்லை. அவளுக்கு 'ஸ்கேல்' என்று பெயர் வைத்தவர் அவர்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் தன் மேசைக்கும் கதவுக்கும் நடுவே எத்தனை அடி என்று அவள் எண்ணியதைப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து, "ஸ்கேலு, இந்தச் சட்டையோட சோகம் எத்தனை சென்டிமீட்டர் இருக்கும்?" என்று சுருங்கிக் கிடக்கும் துணியைத் தூக்கிக் காட்டுவார். அவள் நிஜமாகவே யோசித்துப் பதில் சொல்வாள். அதற்கும் சிரிப்பார்.

பத்து நாளைக்கு முன் ஒரு நல்லது நடந்தது. ஜன்னலுக்கு வெளியே, கடை திறந்த காலத்திலிருந்து நின்றுகொண்டிருந்த பெரிய விளம்பரப் பலகையைப் புதுப்பிக்கக் கழற்றிக்கொண்டு போனார்கள். பத்தரை மணிக்குமேல் அறைக்குள் முதல்முறையாக வெயில் வந்தது. மூன்று பேரும் வேலையை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தார்கள். இத்தனை நாள் எவ்வளவு தூசிக்குள் உட்கார்ந்திருக்கிறோம் என்று அக்கா அலுத்துக்கொண்டாள். இவளுக்கோ தலைகால் புரியவில்லை. கறுப்பிலேயே நீலக் கறுப்பு, பழுப்புக் கறுப்பு, சாம்பல் கறுப்பு என்று இருக்கின்றன. விளக்கு வெளிச்சத்தில் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். நூலைத் துணியோடு பொருத்திப் பார்க்க வெயிலைப் போல வேறெதுவும் கிடையாது. அக்காவிடம் அனுமதி கேட்டு, மேசையை இரண்டு அடி ஜன்னல் பக்கம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். தள்ளுவதற்கு ஒரு கை பிடித்தது இஸ்திரி அண்ணன்தான்.

திங்கட்கிழமை அந்த மேசையில் ஒரு கறுப்புக் கோட்டு கிடந்தது. பருத்தி வெல்வெட். முழங்கையில் பூச்சி அரித்த ஓட்டை. வெள்ளிக்கிழமை காலை வந்து பார்ப்பதாக உடைமைக்காரர் சொல்லியிருந்தார். அண்ணன் அதன் சுருக்கங்களை நீக்கி, கொண்டுவந்து அவள் மேசையில் விரித்துவிட்டுப் போனார். அவள் பூதக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, நீலக் கறுப்பு நூல் வாங்கக் கீழே இறங்கினாள். திரும்பி வந்தபோது அறையில் கருகல் வாசனை; கதவோரம் ஈரத்துணி ஆவிக்குள் நின்ற அண்ணனுக்கு அது எட்டியிருக்கவில்லை. கோட்டின் முதுகில் ஒரு விரல் கணு நீளத்துக்குக் கோடு. வெல்வெட்டின் ரோமம் தீய்ந்து, நடுவில் துணியே விட்டுப்போய், ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு நகர்ந்துகொண்டிருந்தது. கையால் அறைந்து அணைத்தாள்.

வெளியே போயிருந்த அக்கா வந்து பார்த்தாள். கோடு என்றால் இஸ்திரிப் பெட்டியின் விளிம்பு. அதைத் தவிர அந்த அறையில் சுடுகிற பொருள் எது? போன மாதம்தான் ஒரு பாவாடையில் பளபளப்புத் தடம் விழவைத்திருந்தார் அண்ணன். அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் அண்ணன் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். அக்கா மெதுவாகக் கேட்டதால் அவரும் மெதுவாகவே யோசித்தார். கோட்டை விரித்தபோது இன்னொரு கையில் பெட்டி இருந்ததா இல்லையா என்று அவருக்கே நினைவில்லை.

"கை இப்பல்லாம் மரத்துப் போகுதும்மா," என்றார். "பட்டிருக்கும். நான்தான் கவனிச்சிருக்க மாட்டேன்."

அவ்வளவுதான் பேச்சு. நாளையிலிருந்து வர வேண்டாம், வியாழக்கிழமை வந்து சாமான்களை எடுத்துக்கொண்டு போகலாம், அன்று வேறொரு ஆளை வேலை பார்க்கச் சொல்லி வரவழைக்கிறேன் என்று அக்கா சொன்னாள். பிறகு இவள் பக்கம் திரும்பி, நீ எவ்வளவு நேரம் கீழே இருந்தாய் என்று கேட்டாள்.

"ரெண்டு நிமிஷம்க்கா."

ரெண்டு நிமிஷம் என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள். அவளும் ஒரு பேச்சுக்குத்தான் சொன்னாள். ஆனால் நூல் வாங்கிக்கொண்டு ஏறும்போது முதல் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்து, மாலை வகுப்புக்கான மின்தடைக் கணக்கு இரண்டைப் போட்டு முடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம். பள்ளியில் அறிவியல் ஒன்றில்தான் தவறியிருந்தாள். இந்த முறையும் போனால் அடுத்த வருடம்வரை காத்திருக்க வேண்டும். எல்லாரையும்விட ஒரு மணி நேரம் முன்பாக, ஐந்தரைக்கே அவளை அனுப்புகிறாள் அக்கா. படிப்பு வேலை நேரத்துக்குள் காலை நீட்டக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. படிக்கட்டில் உட்கார்ந்தபோது கைக்கடிகாரத்தில் பத்து முப்பத்தைந்து. எழுந்தபோது பதினொன்றுக்கு ஒரு நிமிடம்.

அன்று மாலை வகுப்பு இல்லை. அக்கா வெளி வேலையாகப் போய்விட, கடையைப் பூட்டும் பொறுப்பு இவளுக்கு. தனியாக நின்றபோதுதான் பூதக்கண்ணாடி கண்ணில் பட்டது. ஜன்னல் கம்பியில் சாய்ந்து, மேசையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. மற்ற நாட்களில் வெயில் விழும் நேரத்தில் அது தைக்கிற அவள் முகத்துக்கு முன்னால் இருக்கும்; இன்று அப்படி இல்லை. போன வாரப் பாடமே குவிலென்ஸ்தான். வெயிலை ஒரு புள்ளியாகச் சேர்த்தால் பஞ்சு பற்றும் என்று படம் போட்டு அம்புக்குறியெல்லாம் வரைந்திருந்தாள். அவசரப்படக் கூடாது என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். அளந்தாள். கண்ணாடியிலிருந்து கோட்டு கிடந்த இடம்வரை, வெயில் விழும் சாய்விலேயே, 23.5. கண்ணாடியின் குவியத் தூரம், கூரை விளக்கை வைத்து, 27. மூன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம். புள்ளி சேராது; வெளிச்சம் பரவித்தான் விழும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி அடிக்கோடு இட்டாள். ஆக, லென்ஸ் இல்லை. இஸ்திரிப் பெட்டிதான். அன்றிரவு அவளுக்கு நல்ல தூக்கம் வந்தது. இப்போது நினைத்தால் அதுதான் அவமானமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை வகுப்பறையில், கடைசி ஆளாக உட்கார்ந்து, விளக்குக்கும் லென்ஸுக்கும் நடுவே நூற்றுத்தொண்ணூறு சென்டிமீட்டர் என்று வைத்துக் கணக்கைத் திருப்பிப் போட்டாள். 23.6 வந்தது; கோட்டு கிடந்த 23.5-க்கு ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். இரண்டு முறை போட்டாள். இரண்டு முறையும் அதே எண் வந்தது. காவலாளி சாவிக்கொத்தைக் கிலுக்கினார். பஸ்ஸில் ஏறினாள், இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய், திரும்ப நடந்து வந்தாள்.

புதன்கிழமை விடிந்தபோது வானம் மூடியிருந்தது. செவ்வாயும் இப்படித்தான் இருந்தது. அன்று அதை அவள் கவனிக்கவே இல்லை. இன்று பல் தேய்க்கும்போது ஒரு தரம், தலை வாரும்போது ஒரு தரம், செருப்பு மாட்டிய பிறகு திரும்ப உள்ளே வந்து ஒரு தரம் என்று ஜன்னலுக்குப் போனாள். அம்மா கையில் கரண்டியோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மழை வருமான்னு பாக்கிறியா?"

"வெயில் வருமான்னு."

"வெயிலுக்கு யாராவது இப்படித் தவிப்பாங்களா? காயப்போட ஒரு துணிகூட இல்ல."

கடையில் இஸ்திரி மேசை காலியாக இருந்தது. தைத்த துணிகளை அக்காவே தேய்த்தாள். ஒரு சட்டையின் கையைத் தேய்க்கும்போது மற்றொரு கை கசங்கியது. அதைத் திருப்பினால் இது கசங்கியது. பாழாய்ப்போன மனுஷன் எப்படித்தான் ஒரு நாளைக்கு நாற்பது தேய்த்தாரோ என்று முணுமுணுத்தாள். வாயைத் திறக்க அதைவிட நல்ல தருணம் கிடைக்காது. இவள் திறந்தாள். "அக்கா, வெயில் வந்தா சொல்றீங்களா?" என்றுதான் வந்தது. நீதான் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய், நான் எதற்குச் சொல்ல வேண்டும் என்றாள் அக்கா.

அவள் சொல்லாமல் இருந்ததற்கு ஒரு காரணம் வைத்திருந்தாள். நல்ல காரணம்தான். ஒரு முறை தவறாக அளந்தாயிற்று. இன்னொரு முறையும் தவறாக இருந்தால்? 23.6 என்பது கணக்கில் வந்த எண், கண்ணால் கண்டது இல்லை. ஜன்னல் கண்ணாடி வழியாக வந்த வெயிலுக்கு வெல்வெட்டைத் தீய்க்கும் தெம்பு உண்டா என்று யாருக்குத் தெரியும்? சோதித்துப் பார்க்காமல் ஒரு விஷயத்தைச் சொல்வது சரியான முறை ஆகாது. இதையெல்லாம் நோட்டில் ஒழுங்காக எழுதினாள். எழுதியதைப் படித்தபோது, எல்லா வரியும் சரியாக இருந்தும் மொத்தத்தில் எங்கோ உதைத்தது.

பத்தே முக்காலுக்கு மேகம் கிழிந்தது. கழிவுத்துணிப் பெட்டியிலிருந்து ஒரு கறுப்புத் துண்டை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே வைத்தாள். மேசையில் அதுவரை இல்லாத ஒரு வெள்ளைப் பொட்டு, மிளகளவுகூட இல்லை, வந்து உட்கார்ந்தது. பார்த்தால் கண் கூசியது.  பொட்டு உட்கார்ந்த இடத்திலிருந்து நூல்போல ஒரு புகை எழுந்தது. கூடவே மேகமும் மூடிக்கொண்டது. நான்கு நிமிடம்கூட இல்லை. துண்டைத் தூக்கிப் பார்த்தாள். குண்டூசித் தலையளவு ஓட்டை.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். ஓட்டை வேறு, கோடு வேறு என்று தனக்குத் தானே மறுத்துக்கொண்டாள். அக்கா நாளைக்கே கேட்பாள், புள்ளி எப்படிக் கோடாகும் என்று. அதற்கான பதில் அவளுக்கு அன்று மாலை பஸ்ஸில், ஜன்னலோரமாக நிற்கும்போது கிடைத்தது. வெயில் நின்ற இடத்தில் நிற்பதில்லை. சூரியன் நகர நகர, மேசைமேல் பொட்டும் நகரும். நகர்ந்த வழியெல்லாம் தீயும். வெயில் எவ்வளவு நேரம் விழுந்ததோ கோடு அவ்வளவு நீளம். தீய்ந்த தடத்தின் நீளத்தை அவள் திங்கட்கிழமையே அளந்திருந்தாள்: 2.8 செ.மீ. ஒரு நிமிடத்துக்குப் பொட்டு எவ்வளவு நகரும் என்று விரல்விட்டு எண்ணினாள். ஒரு மில்லிமீட்டர், கொஞ்சம் கூட. இரண்டு நிமிடத்தில் ஓர் அரிசியளவு தடம்கூட விழாது. இருபத்து எட்டு மில்லிமீட்டர் விழ வேண்டுமென்றால்...

கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் மேல் தவறில்லை என்று காட்டுகிற அதே கோடு, அவள் எத்தனை நிமிடம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள் என்பதையும் காட்டிவிடும். ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்ல வழியே இல்லை.

வியாழக்கிழமை வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. அவள் எட்டு மணிக்கே கடைக்கு வந்துவிட்டாள். ஒரு தகரத் தட்டு, அதன்மேல் கோட்டின் துணிக்கு இணையான கறுப்பு வெல்வெட் துண்டு, பக்கத்தில் ஒரு குவளை தண்ணீர், ஸ்கேல், கடிகாரம். எல்லாம் தயாரான பிறகும் பத்தரை ஆக இரண்டரை மணி நேரம் இருந்தது. ஊசியில் நூல் கோத்தாள், உருவினாள், கோத்தாள்.

ஒன்பதரைக்குப் புதிய ஆள் வந்தான். முப்பது வயதிருக்கும், நன்றாகத் தேய்த்த சட்டை. இஸ்திரி மேசையைத் தடவிப் பார்த்து, பெட்டியைத் திருப்பி அடிப்பாகத்தை ஆராய்ந்து, இதை வைத்திருந்த ஆள் சுத்தக்காரர் என்று பாராட்டினான். பத்து மணிக்கு இஸ்திரி அண்ணனும் வந்துவிட்டார், ஒரு காலிப் பையோடு. அவருடைய தெளிப்புப் புட்டி, தோள்பட்டை தேய்க்க அவரே தைத்த சின்னத் தலையணை, நிற்கிற இடத்தில் போட்டுக்கொள்ளும் பழைய மிதியடி. எடுத்துக்கொண்டால் ஐந்து நிமிட வேலை. அவர் ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்துத் திரும்ப வைத்தார்; தலையணை மட்டும் பைக்குள் போனது. எல்லாவற்றையும் இடது கையால் எடுத்தார். புதியவனிடம், வலது பக்கம் சூடு கொஞ்சம் தாமதமாகத்தான் ஏறும் என்று பெட்டியின் குணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். இவள் பக்கம் பார்த்து, "என்ன ஸ்கேலு, தட்டுல என்ன சமையல்?" என்று கேட்டார். அவள் தட்டை நேராக்கினாள். பூதக்கண்ணாடியை மேலே தள்ளி ஜன்னல் கம்பியில் சாய்த்தாள்.

பத்து முப்பத்தைந்து. வெள்ளைப் பொட்டு வந்து உட்கார்ந்தது.

பார்த்துக்கொண்டே இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று அவள் நினைக்கவில்லை. பொட்டு நகர்வது கண்ணுக்குத் தெரியாது. சற்று வேறு பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினால் நகர்ந்திருக்கும். ஐந்து நிமிடத்தில் புகை நிலைத்தது. பத்தாவது நிமிடத்தில் கோடு என்று சொல்லும்படி ஆனது. அக்கா கதவுக்கு வெளியே தொலைபேசியில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். பாதியிலேயே நிறுத்திவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. பன்னிரண்டு நிமிடமாகிறது, பன்னிரண்டு நிமிடக் கோட்டை வைத்துக்கொண்டே லென்ஸ்தான் என்று காட்டிவிடலாமே, மீதியை யார் கேட்கப் போகிறார்கள்? கை தட்டின் விளிம்புவரை போனது. பிறகு அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

இருபது நிமிடம் தாண்டியதும் அக்கா உள்ளே வந்து, புதியவனிடம் ஒரு சட்டையை நீட்டினாள். அவன் வாங்கி மேசையில் போட்டான். மூக்கைச் சுளித்தான். சட்டையைத் தூக்கிப் பார்த்தான். பெட்டியைத் தொட்டுப் பார்த்தான்.

"அக்கா, ஏதோ கருகுது," என்றான். "நான் இல்ல. நான் இன்னும் ஸ்விட்சே போடல."

அந்த அறையில் இருந்த நான்கு பேரும் ஒரே நேரத்தில் பெட்டியைப் பார்த்தார்கள். அதன் ஒயர் சுவரில் சொருகப்படாமல் தரையில் கிடந்தது. பிறகு ஒவ்வொருவராக ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். துண்டின் ஓரத்தில் பிரிந்து நின்ற பிசிறுகளைப் பொட்டு அப்போதுதான் எட்டியிருந்தது. அக்கா திறந்து விட்டுவந்த கதவிலிருந்து காற்று வந்தது. பிசிறு சிவந்தது, குபுக்கென்று ஒரு சின்னச் சுடர் எழுந்து நின்றது. வெயிலில் அதற்கு நிறமே இல்லை. மேலே காற்று நெளிவதை வைத்துத்தான் அது தீ என்று தெரிந்தது.

அண்ணன் தெளிப்புப் புட்டியோடு இரண்டே எட்டில் வந்து நாலு முறை பீய்ச்சினார். வலது கையால்.

"போதும்ணே, அளக்கணும்," என்றாள் அவள். ஸ்கேலை எடுத்தாள். மேசையில் ஊன்றி வைத்து அளந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். கோட்டு இருந்த அலமாரியைத் திறந்து, கோட்டைக் கொண்டுவந்து, ஈரத் துண்டுக்குப் பக்கத்தில் விரித்தாள். இரண்டு கோடும் சகோதரிகள்போலக் கிடந்தன.

அக்கா முதலில் பூதக்கண்ணாடியைப் பார்த்தாள், பிறகு பலகை இல்லாத ஜன்னலை, பிறகு மேசை நகர்ந்த இடத்தை. துணியோடு முப்பது வருடம் பழகியவள். அவளுக்கு யாரும் அம்புக்குறி போட்டு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அன்னைக்கு இதுக்கு எத்தனை நேரம் ஆச்சு?"

"இருபத்தஞ்சு நிமிஷம்."

"ரெண்டுன்னு சொன்னே."

"ஆமாக்கா. படிக்கட்டுல உக்காந்து கணக்குப் போட்டேன்."

"ஏன் அப்பவே சொல்லல?"

"அப்ப தெரியாது..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். "அதுவும் சரியில்லக்கா. இருபத்தஞ்சுன்னு அப்பவே தெரியும். லென்ஸ்னுதான் தெரியாது."

அக்கா கோட்டை மடித்தாள். இவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாளா, ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தாளா, அவளுக்கே தெரியாது. அண்ணன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு நாளா இந்தக் கையால ஒரு டம்ளரைக்கூட நான் தூக்கல," என்றார். "விழுந்துடும்னு பயம். நீ எப்பக் கண்டுபிடிச்சே?"

"செவ்வாக்கிழமை சாயங்காலம். கணக்குல. ஆனா வெயில் இல்லண்ணே..."

"வாய் இருந்துச்சுல்ல."

அதற்குமேல் அவர் அவளிடம் பேசவில்லை. பையிலிருந்து தலையணையை எடுத்து மேசையில் வைத்தார். மிதியடியை உதறிப் போட்டார். புதியவன் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். என்னைக் கூப்பிட்டது வாசனை பார்க்கத்தானா என்று கேட்டான். அக்காவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. தெரிந்த இன்னொரு கடையில் ஆள் தேவைப்படுவதாகச் சொல்லி, முகவரி எழுதிக் கொடுத்து அனுப்பினாள். அண்ணனிடம், தான் அவசரப்பட்டுவிட்டதாகச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். ஆனாலும் கையை ஒரு டாக்டரிடம் காட்டிவிடுகிறேன் என்றார்.

அவளுக்கான தீர்ப்பு மத்தியானம் வந்தது. கோட்டு முடிகிறவரை ஐந்தரைக்குக் கிளம்புவது கிடையாது. முழங்கை ஓட்டையோடு முதுகில் தீய்ந்த இடத்தையும் அவளே அடைக்க வேண்டும், இருந்த இடம் தெரியக் கூடாது. கோட்டுக்காரர் வரும்போது என்ன நடந்ததென்று அவளே சொல்ல வேண்டும். எத்தனை வகுப்பு போகும் என்று கணக்குப் போட்டாள், குறைந்தது மூன்று. கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. கண்ணாடிக்கு ஒரு உறை தைத்து மாட்டினாள். மேசையைப் பழைய இடத்துக்கு இழுத்தாள். பாதி தூரம் தனியாக இழுத்தாள். பிறகு மறுபக்கம் எடை குறைந்தது. அண்ணன் பிடித்திருந்தார், அவள் முகத்தைப் பார்க்காமல், வேறெங்கோ பார்த்தபடி.

ஆறரைக்கு அறை மங்கியது. வெளியே பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. வகுப்பில் இந்நேரம் வருகைப்பதிவு எடுத்திருப்பார்கள். கால் ஆடிக்கொண்டிருந்தது. அவள் நோட்டைத் திறந்தாள்.

மார்ச் 13, வியாழன். காலை 10.35 முதல் 11 வரை வெயில். எரிந்த கோடு 2.7 செ.மீ. வெல்வெட் கோட்டின் முதுகில் இருப்பது 2.8. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குக் காரணம் தெரியவில்லை. தண்ணீரில் துணி சுருங்கியிருக்கலாம். செவ்வாய் மாலையே சொல்லியிருக்க வேண்டும். சோதனை அதற்குப் பிறகும் செய்திருக்கலாம்.

நாளை, வெள்ளி: எட்டரைக்குக் கடை. கோட்டின் உள்மடிப்பைப் பிரித்து, முதுகை அடைக்க அதே துணியின் இழை உருவ வேண்டும், குறைந்தது நாற்பது. பத்து மணிக்குக் கோட்டுக்காரர் வருவார். அவரிடம் நான் பேச வேண்டும்.